சிறு வண்டிக்கு இரண்டு இயந்திரம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மோட்டார் வண்டி. வரலாற்றுப் பேச்சு என்று அறிவித்துவிட்டு இந்த மனிதர் மோட்டாரைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கக்கூடும். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். அரசர்களின் பட்டியலை ஒப்புவிக்கச் சொல்லி மாணவர்களை வருத்தியதும் உண்டு. ஆனால் ஒரு பொருள் உண்டாவதற்குரிய அறிவெல்லாம் மனிதர் கையில் இருந்தும், அது நூறு ஆண்டுக் காலம் உண்டாகாமல் இருந்தது ஏன் என்ற கேள்வி, எந்தப் போரின் கதையைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது. மோட்டார் வண்டிகளின்மேல் எனக்கு இளமை முதலே ஒரு மோகம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மருத்துவரிடம் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருந்தது. அதன் முன்மூடி முழுவதையும் முன்புறமாகச் சாய்த்துத் திறக்கலாம். இயந்திரம் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காட்சிக்காகவே இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு மருத்துவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்ரோல் இயந்திரமும் மின்சார மோட்டாரும் ஒருங்கே அமைந்த வண்டியை ஹைபிரிட் என்கிறார்கள். இருவேறு இனங்கள் கலந்து பிறந்த செடிக்கும் விலங்குக்கும் வழங்கிய சொல் அது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை நம் முன்னோர் அறிந்த ஹைபிரிட். குதிரையின் வலிமையில் ஒரு பங்கும் கழுதையின் பொறுமையில் ஒரு பங்கும் அதற்கு உண்டு. தீனியோ குதிரையைவிடக் குறைவு. நாம் இப்பேச்சில் அவ்வண்டியைக் கலப்பு வண்டி என்றே அழைப்போம்.

இரண்டு இயந்திரம் எதற்கு? பாரம் ஏற்றிய மாட்டு வண்டியைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நின்ற வண்டியை நகர்த்தும் முதல் அடியில்தான் காளைகளுக்குப் பாடு அதிகம். நகர்ந்த பிறகு அவை இலகுவாக நடக்கின்றன. பெட்ரோல் இயந்திரம் அந்த முதல் அடியில் மிகவும் சோர்ந்த காளை. மெதுவாகச் சுழலும்போது அதற்கு வலிமை இல்லை. ஆதலால், புறப்படும் நேரத்துக்கும் மேடேறும் நேரத்துக்கும் போதுமான பெரிய இயந்திரத்தை வண்டியில் வைக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெரிய இயந்திரம் தன் திறமையில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கிறது. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதும் குடிக்கிறது. பிரேக்கை அழுத்தினால், அதுவரை பெட்ரோல் கொடுத்துச் சேர்த்த வேகமெல்லாம் வெப்பமாகிக் காற்றில் போய்விடுகிறது. மின்சார மோட்டாரின் இயல்போ இதற்கு நேர் மாறானது. நின்ற நிலையிலேயே அதற்கு முழு வலிமையும் உண்டு. வண்டி ஓடும் வேகத்தைக் கொண்டு அதையே சுழற்றினால், அது மின்சாரத்தை உண்டாக்கி மின்கலத்தில் சேர்க்கும். அதன் குறை மின்கலத்தின் பாரம். எனவே முதல் அடிக்கு மோட்டாரையும் நெடுவழிக்குப் பெட்ரோலையும் வைத்தால், இயந்திரமும் சிறியதாகலாம், மின்கலமும் சிறியதாகலாம். இவ்வளவுதான் கலப்பு வண்டியின் தத்துவம்.

இந்தத் தத்துவம் நேற்று முன்தினம் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1900-ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரில் பெர்டினாண்டு போர்ஷே என்ற இருபத்தைந்து வயது இளைஞர் இதைச் செய்து காட்டினார். குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்ற லோனர் நிறுவனத்தில் அவர் பணிபுரிந்துவந்தார். சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மின்சார மோட்டாரை அமைத்து அவர் செய்த வண்டி அவ்வாண்டின் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன் இடர் மின்கலங்களின் பாரம். உடனே அவர் மின்கலங்களைக் குறைத்து, இரண்டு சிறு பெட்ரோல் இயந்திரங்களை ஏற்றி, அவை மின்சாரத்தை உண்டாக்கித் தர, மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றுமாறு அமைத்தார். செம்பர் விவுஸ் என்று அதற்குப் பெயர். லத்தீனில், என்றும் உயிருள்ளது என்பது பொருள். பின்னாளில் வோக்ஸ்வாகன் என்ற சிறு காரை வடிவமைத்தவரும் இதே போர்ஷேதான்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்து உட்ஸ் நிறுவனம் 1916-இல் இரட்டை ஆற்றல் வண்டி ஒன்றை விற்பனைக்கே கொண்டுவந்தது. மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர் வேகம்வரை மின்சாரம். அதற்கு மேல் பெட்ரோல். விலை 2,650 டாலர். அக்காலத்தில் ஹென்றி போர்டின் மாடல் டி வண்டியின் விலை 360 டாலர்! ஒரு கலப்பு வண்டியின் விலைக்கு ஏழு போர்டு வண்டிகள் வாங்கலாம். யார் வாங்குவார்கள்? 1918-க்குள் அந்த முயற்சி முடிந்துபோயிற்று.

இதற்கு முன்பே இன்னொரு வேடிக்கையும் நடந்திருந்தது. பெட்ரோல் வண்டியைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டிய காலம் அது. கைப்பிடி திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். மின்சார வண்டிக்கு இருந்த பெரிய மதிப்பே இந்தத் தொல்லை இல்லை என்பதுதான். 1912-இல் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சாரத் துவக்கி காடிலாக் வண்டிகளில் வந்தது. ஒரு சிறு மின்சார மோட்டார் பெட்ரோல் இயந்திரத்துக்குள் வேலைக்காரனாகப் புகுந்து, முழு மின்சார வண்டியின் பிழைப்பைக் கெடுத்தது. பெட்ரோலும் மலிவாகக் கிடைத்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் சாலையில் கலப்பு வண்டியைப் பற்றிய பேச்சே இல்லை. தண்டவாளத்தில் மட்டும் அத்தத்துவம் உயிரோடிருந்தது. நம் நாட்டு ரயில்களை இழுத்த டீசல் எஞ்சின்களில் பலவும், டீசலால் மின்சாரம் உண்டாக்கி, மின் மோட்டாரால் சக்கரத்தைச் சுழற்றுபவையே.

இனி, கதையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். அறியாமையால் ஒரு செயல் நின்றுபோனால் வருந்த ஒன்றுமில்லை. அறிந்தவர்களே அதை மூலையில் வைத்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. 1969-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 512 என்ற வரிசையில் இருவர் அமரும் குறுவண்டிகளைச் செய்து காட்டியது. அவற்றுள் ஒன்று பெட்ரோலும் மின்சாரமும் கலந்தது. உலகின் மிகப் பெரிய மோட்டார் நிறுவனம், சிறிய கலப்பு வண்டியைத் தன் கையாலேயே செய்து, தானே பார்த்து, கண்காட்சிப் பொருளாக வைத்துவிட்டுப் பெரிய வண்டிகளை விற்கத் திரும்பிச் சென்றது.

1970-இல் அமெரிக்க அரசாங்கம் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. புகையைக் குறைக்கும் வண்டிகளைச் செய்வோருக்கு ஊக்கம் தரும் திட்டம் ஒன்றும் வந்தது. விக்டர் வூக் என்ற மின்பொறியாளரும் சார்லஸ் ரோசன் என்ற வேதியியலாரும், 1972-ஆம் ஆண்டின் பியூக் ஸ்கைலார்க் வண்டி ஒன்றை எடுத்து, அதனுள் சிறிய மாஸ்டா இயந்திரத்தையும் மின்சார மோட்டாரையும் பொருத்தினார்கள். இந்த வூக், புகழ்பெற்ற நாவலாசிரியர் ஹெர்மன் வூக்கின் தம்பி. 1974-இல் அரசாங்கச் சோதனைச் சாலையில் அவ்வண்டி சோதிக்கப்பட்டது. பெட்ரோல் செலவு பாதியளவுக்குக் குறைந்தது. நச்சுப்புகையும் பெரிதும் குறைந்தது. ஆயினும் திட்ட அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. அரேபிய நாடுகள் எண்ணெயை நிறுத்தி, அமெரிக்கர்கள் பெட்ரோல் நிலையங்களில் வரிசையில் நின்ற 1973-ஆம் ஆண்டின் சூடு ஆறுவதற்கு முன்பே இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

1975-இல் வந்த இன்னொரு சட்டம், 1985-க்குள் கார்கள் சராசரியாகக் காலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, ஓட வேண்டும் என்றது. சிறு சரக்கு வண்டிகளுக்கு மட்டும் விதி தளர்ந்திருந்தது. குடியானவனும் தச்சனும் பிழைக்க வேண்டுமே என்ற நல்ல எண்ணம்தான். நிறுவனங்கள் என்ன செய்தன? சரக்கு வண்டியின் சட்டத்தின்மேல் குடும்பம் அமரும் பெட்டியைக் கட்டி, அதை ஊரெல்லாம் விற்றன. சிறு காரில் கிடைக்கும் இலாபம் சொற்பம். இந்தப் பெரு வண்டிகளில் கிடைத்ததோ கொழுத்த இலாபம். வேலியில் விட்ட சிறு வழியே நாளடைவில் ராஜபாட்டையாகிவிட்டது.

1993-ஆம் ஆண்டு இரண்டு முயற்சிகள் தொடங்கின. ஒன்று வாஷிங்டனில். அவ்வாண்டு செப்டம்பரில் அதிபர் கிளிண்டனின் அரசாங்கம் ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களையும் கூட்டி, காலனுக்கு 80 மைல் ஓடும் குடும்பக் கார் ஒன்றை ஆக்குவதற்கு ஒப்பந்தம் செய்தது. லிட்டருக்கு 34 கிலோமீட்டர்! அயல்நாட்டு நிறுவனங்களுக்கு அதில் இடமில்லை. மற்றொன்று ஜப்பானில். டொயோட்டா நிறுவனம், இருபத்தோராம் நூற்றாண்டுக்கு உரிய கார் எது என்று ஆராய ஜி21 என்ற பெயரில் ஒரு சிறு குழுவை அமைத்தது. அதன் தலைமைப் பொறியாளராக வந்தவர் தாக்கேஷி உச்சியாமாதா. அதற்கு முன் ஒரு காரையும் முழுப் பொறுப்பேற்றுச் செய்து பழகாதவர்.

எரிபொருள் சிக்கனம் பாதி அளவு கூடினால் போதும் என்றுதான் குழு முதலில் கணக்கிட்டது. மேலிடத்தார், இரு மடங்கு வேண்டும் என்றார்கள். பெட்ரோல் இயந்திரத்தை மட்டும் செப்பனிட்டு இரு மடங்கை எட்ட முடியாது. அந்த நெருக்கடியில்தான் கலப்பு வண்டி என்ற பழைய எண்ணம் மீண்டும் உயிர் பெற்றது. 1995-இன் இறுதியில் முதல் மாதிரி வண்டியைக் கட்டினார்கள். அது நகரவில்லை. ஒரு நாள், இரு நாள் அன்று. 49 நாட்கள் அது நகரவில்லை. நகர்ந்த அன்றும் சில நூறு மீட்டர் போய் நின்றுவிட்டது. அவ்வாண்டு தலைவராக வந்த ஹிரோஷி ஒக்குடாவோ, 1997 டிசம்பருக்குள் வண்டி கடைக்கு வர வேண்டும் என்று கெடு வைத்தார். நகராத வண்டிக்கு இரண்டு ஆண்டுக் கெடு!

அவர்கள் அதை முடித்த விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பல்சக்கரத் தொகுதி. நடுவே ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள்களைப் போலச் சிறு சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இயந்திரத்தையும் இரண்டு மின் பொறிகளையும் இந்தத் தொகுதி இணைக்கிறது. எந்த நேரத்தில் எந்த ஆற்றல் எவ்வளவு பாய வேண்டும் என்பதைக் கணிப்பொறி முடிவு செய்கிறது. நாம் வழக்கமாகக் காணும் கியர்ப் பெட்டியே அதில் இல்லை. இயந்திரமோ, ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1882-இல் எண்ணிய சுழற்சி முறையைத் தழுவியது. அம்முறையில் சிக்கனம் உண்டு, இழுவை குறைவு. இழுவைக் குறையை மோட்டார் நிரப்பிவிடுவதால், நூறு ஆண்டுக்கு மேல் ஒதுங்கிக் கிடந்த சிக்கன இயந்திரம் சபைக்கு வந்தது.

1997 டிசம்பரில் பிரியஸ் என்ற அந்தக் கார் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே மாதத்தில்தான் அந்நாட்டின் கியோட்டோ நகரில் புவி வெப்பத்தைக் குறித்த உலக ஒப்பந்தம் உருவாயிற்று. விலை 21 இலட்சத்து 50 ஆயிரம் யென். அந்த விலைக்கு விற்றால் நிறுவனத்துக்கு நட்டமே என்று பலரும் எழுதினார்கள். நட்டம் இருந்திருக்கலாம். ஒரு வித்தையைக் கற்பதற்குக் கொடுத்த கட்டணம் அது.

வாஷிங்டன் முயற்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2000-ஆம் ஆண்டில் மூன்று நிறுவனங்களும் மூன்று மாதிரி வண்டிகளைக் காட்டின. மூன்றும் டீசலோடு மின்சாரம் கலந்தவை; குறித்த இலக்கை ஏறக்குறைய எட்டியவை. பொறியாளர்களின் திறமைக்கு யாதொரு குறையும் இல்லை. அவற்றுள் ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. 2002-இல் அடுத்த அரசாங்கம் அத்திட்டத்தை மூடிவிட்டு, ஹைட்ரஜன் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கியது. பணம் ஒதுக்கப்பட்டது, அறிவு இருந்தது, மாதிரியும் ஓடிற்று. அதை விற்க வேண்டும் என்ற மனம் மட்டும் இல்லை.

நிறுவனத்தாரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். இரண்டு இயந்திரம் என்றால் இரண்டு செலவு. பெட்ரோல் மலிவாக விற்கும் நாட்டில், கூடுதல் விலையைச் சிக்கனத்தால் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். கணக்குப் பிள்ளை சொன்ன அந்தக் கணக்கில் பிழை இல்லை. பெரு வண்டிகளைத் தேடிச் சென்று வாங்கியவர்களும் பொதுமக்களே. டொயோட்டாவும் துறவி அன்று. 2006-இல் டெக்சாஸில் தொழிற்சாலை திறந்து டண்டிரா என்னும் பெருஞ்சரக்கு வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. ஒன்றை மட்டும் அது பிறரைப் போலச் செய்யவில்லை: சிறு வண்டியைக் கைவிடவில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது, அமெரிக்க நிறுவனங்களின் பெரு வண்டிகள் விற்பனை நிலையங்களில் தூங்கின. 2009-இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் நொடிப்பு நீதிமன்றத்தின் படி ஏறின. வங்கிகளின் வீழ்ச்சியும் பிற காரணங்களும் அதில் கலந்திருந்தன. அதே ஆண்டில் ஜப்பானில் மிக அதிகமாக விற்ற கார் பிரியஸ். 2017 ஜனவரிக்குள் டொயோட்டா விற்ற கலப்பு வண்டிகள் ஒரு கோடியைக் கடந்துவிட்டன.

இவ்வளவு சொன்ன பிறகும், என் நெஞ்சில் முதலிடம் பெற்ற கலப்பு வண்டி பிரியஸ் அன்று. 1999-இல் வந்த ஹோண்டா இன்சைட் என்பதே அது. அமெரிக்காவில் பிரியஸுக்கு முன்பாகவே, அவ்வாண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்த முதல் கலப்பு வண்டி. உச்சியாமாதாவின் குழு, கலப்பு இயந்திரத்தை நன்றாகச் செய்தால் சிக்கனம் தானே வரும் என்று நம்பியது. ஹோண்டாவின் பொறியாளர்கள் முதலில் வண்டியின் எடையைக் குறைத்தார்கள். அலுமினிய உடல், எடை ஏறத்தாழ 840 கிலோ. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம், பின்சக்கரங்களுக்கும் மூடி. மூன்று சிலிண்டர் கொண்ட 995 கன செண்டிமீட்டர் இயந்திரம். அதற்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே, தட்டையான ஒரு மின் மோட்டார், தோழனுக்குத் தோள் கொடுப்பது போல. நெடுஞ்சாலையில் காலனுக்கு 70 மைல் என்று அமெரிக்க அரசாங்கம் அப்போது மதிப்பிட்டது. லிட்டருக்கு 30 கிலோமீட்டர்.

ஆனால் அதில் இருவர்தான் அமரலாம். பிள்ளை குட்டிகளோடு புறப்படும் குடும்பத்துக்கு அது உதவாது. 2006-இல் அதன் உற்பத்தி நின்றபோது, உலகம் முழுவதிலும் செய்யப்பட்டவை சுமார் 17,000 வண்டிகளே. ஐவர் அமரக்கூடிய பிரியஸ் வென்றது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. எனினும் இன்சைட்டின் தோல்வியிலிருந்து நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட பாடம் எனக்கு உடன்பாடன்று. இடம் போதவில்லை என்பதுதான் அதன் குறை. எடை குறைந்தால் விற்காது என்று அவர்கள் பொருள் செய்துகொண்டார்கள். 2007-இல் வந்த லெக்சஸ் கலப்பு வண்டி ஒன்றில் ஐந்து லிட்டர் அளவுள்ள எட்டுச் சிலிண்டர் இயந்திரம் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டாஹோ என்ற பெரு வண்டியில் ஆறு லிட்டர் இயந்திரத்தோடு மோட்டாரைச் சேர்த்தது. அதற்கு 2008-ஆம் ஆண்டின் பசுமை வண்டி என்று பரிசு வேறு! யானைக்குத் தீனியைக் குறைத்துவிட்டோம் என்று பெருமை பேசுவார் உண்டு. ஒருவர் கடைக்குப் போய்வர யானை எதற்கு என்று நான் கேட்பேன்.

கலப்பு இயந்திரம் சிறு வண்டிக்குத் திரும்பி வந்த நல்ல நாள் 2011 டிசம்பர். டொயோட்டாவின் அக்வா அப்போது ஜப்பானில் வந்தது. பிரியஸைவிடக் குறுகியது, இலகுவானது, விலை குறைந்தது. அந்நாட்டில் ஓடிய பழைய அக்வாக்கள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவற்றைப் பரவலாகக் காணலாம். கலப்பு வண்டிகளுக்கு அங்கே சில ஆண்டுகள் தரப்பட்ட வரிச்சலுகை அதற்கு வழி செய்தது. சட்டம் வளைந்தால் வண்டியும் வளைகிறது. அமெரிக்காவில் ஒரு சட்டம் பெரு வண்டியை வளர்த்ததைக் கண்டோம், இங்கே ஒரு வரி சிறு வண்டியை வளர்த்தது.

இன்சைட்டைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்க அரசாங்கம் பின்னர் அளவைகளைத் திருத்தி, பழைய வண்டிகளுக்கும் புதிய மதிப்பெண் போட்டது. அந்தக் கண்டிப்பான கணக்கிலும், மின்செருகி இல்லாமல் பெட்ரோலால் ஓடும் கார்களுள் முதலிடம் அந்த இருவர் வண்டிக்கே இருந்தது. காலனுக்கு 53 மைல். 2015 டிசம்பரில் பிரியஸின் புதிய வகை ஒன்று 56 மைல் பெற்று அதை முந்தியது. முந்துவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின.